டிரம்பெட் ராஜமணியின் முன்பல்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் இளம் பல் மருத்துவர்கள் சிலர் கூடி, ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிட்டு, சால்வை போர்த்திக் காபி கொடுத்தார்கள். காபி நன்றாக இருந்தது. சால்வை வீட்டில் ஏற்கெனவே இருக்கிற சால்வைகளோடு போய்ச் சேர்ந்தது. பேச்சு முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"மேடம், இப்பம் நாங்க காலையில இம்ப்ளாண்ட் வச்சு சாயங்காலமே பல்லையும் மாட்டி அனுப்பிருதோம். நீங்கல்லாம் ஆறு மாசம் காக்க வச்சியளாமே! பேஷண்டு சண்டைக்கு வர மாட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வருவார்கள், வந்தார்கள். ஒருவர் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டே வந்தார். அந்தக் கதையை ஒலிபெருக்கி முன்னால் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பல் வைத்தியம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விஷயம். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகி வைக்கிற டைட்டானியம் ஆணி. விழுந்துபோன பல்லின் வேர் செய்த வேலையை அது செய்யும். எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகு அதன் மேல் பல்லின் வடிவத்தில் ஓர் உறையை மாட்டுவோம். அந்த உறையை எப்போது மாட்டுவது, எதில் செய்து மாட்டுவது? தொண்ணூறுகளில் எனக்கும் டாக்டர் காந்திமதிநாதனுக்கும் நடந்த சண்டைகளில் பாதி இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

நான் சென்னையில் படித்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் இம்ப்ளாண்டுக்கு ஒரு பாரா கொடுத்திருந்தார்கள், பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வராது என்று சீனியர்கள் சொல்லிவிட்டதால் அதையும் நான் படிக்கவில்லை. கல்யாணமாகித் திருநெல்வேலி டவுணுக்கு வந்தபோது, ரத வீதியில் ஒரு மாடியில் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் காந்திமதிநாதனிடம் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். பம்பாய்க்குப் போய் இம்ப்ளாண்ட் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தார் அவர். எங்கள் பக்கத்தில் அப்போது அந்தப் பேரைச் சொன்னாலே 'அது கண்ணுல வைக்கதா?' என்று கேட்பார்கள்.

டாக்டருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, அரைக்கை வெள்ளைச் சட்டை. கை கழுவ ஆரம்பித்தாரென்றால் நான் அதற்குள் ஒரு வாரப் பத்திரிகையைப் படித்து முடித்துவிடலாம். வாயைத் திறந்தால் வருகிற முதல் வார்த்தை 'பைய', அதாவது மெதுவாக. ஊசி போடும்போது பைய, கட்டுப் பிரிக்கும்போது பைய, மாடிப்படி இறங்குகிற நோயாளிக்கும் ஒரு பைய. நானோ அவசரக்காரி. பால் பொங்குவதற்குள் இறக்கிவிடுகிற ஆள். இரண்டு பேரும் ஒரே அறையில் அத்தனை வருடம் வேலை பார்த்தது இன்று வரை எனக்கு ஆச்சரியம்தான்.

எலும்பைத் துளைக்கும்போது சூடு ஏறக் கூடாது. சூடுபட்ட எலும்பு செத்துப்போகும், செத்த எலும்பு எந்த ஆணியையும் பிடிக்காது. அதனால் அவர் துளைக்கும்போது நான் பக்கத்தில் நின்று குளிர்ந்த சலைன் நீரைத் துளைப்பான் நுனியில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் துளைப்பார். வெளியே எடுப்பார். துடைப்பார். குனிந்து பார்ப்பார். மறுபடி கொஞ்சம். எனக்குக் கை கடுக்கும். "சார், போதும் சார், ஆழம் சரியாத்தான் இருக்கு" என்பேன். "பைய" என்பார்.

எலும்பு பிடித்துவிட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. எக்ஸ்ரே எடுப்பார், ஈரம் சொட்டுகிற படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஆனாலும் அதோடு திருப்திப்பட மாட்டார். வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் இம்ப்ளாண்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிடித்திருந்தால் கணீரென்று வரும், இல்லாவிட்டால் மொத்தென்று வரும். மற்றபடி சங்கீதத்தில் அவருக்கு ஞானம் பூஜ்யம். நாதஸ்வரமும் ஆலைச் சங்கும் அவருக்கு ஒன்றுதான். கோயிலில் கச்சேரி நடந்தால் பிரசாதம் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் காது கேட்ட ஒரே சங்கீதம் அந்த இரண்டு தட்டு.

அப்படிப்பட்டவரிடம்தான் டிரம்பெட் ராஜமணி வந்து சேர்ந்தார்.

ராஜமணி பாளையங்கோட்டைக்காரர். அவரும் அவர் உறவுக்காரர்களும் சேர்ந்து ஒரு பேண்டு செட் வைத்திருந்தார்கள். சர்ச் பவனி, கல்யாண ஊர்வலம், கோயில் கொடைவிழா, துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் போவார்கள். முன்னால் நின்று டிரம்பெட் வாசிப்பது ராஜமணி. ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பேண்டுக்கு முன்னால் ஆட, ஆடிய வேகத்தில் ஒருவன் பின்னால் சாய்ந்து டிரம்பெட்டின் மேல் விழுந்துவிட்டான். அது அப்படியே பின்னுக்கு வந்து ராஜமணியின் மேல்வரிசை முன்பல்லை வேரோடு முறித்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மனைவி எஸ்தருடன் மாடியேறி வந்தார்.

"கடிக்கதுக்கு இல்லய்யா. இந்தப் பல்லு இல்லாட்டா எனக்கு ஊத வராது" என்றார். வாய்க்கருவியின் வட்டமான பித்தளை விளிம்பு உதட்டின் மேல் அழுந்தும். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டு இல்லாவிட்டால் காற்று ஒழுகும். அவர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன வாய்க்கருவியை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கழற்றி மாட்டுகிற பிளேட் பல் ஊதினால் எழும்பிவிடும். இரண்டு பக்கத்துப் பற்களையும் சீவிப் பாலம் கட்டலாம், ஆனால் இரண்டும் நல்ல பற்கள். மிச்சம் இருந்தது இம்ப்ளாண்ட். நாங்கள் அதுவரை வைத்ததெல்லாம் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு. மேல்வரிசை முன்பல், அதிலும் தினமும் பித்தளையால் அழுத்தப்போகிற முன்பல், எங்களுக்குப் புதிது. தோற்றால் ஊருக்கே தெரிந்துவிடும். ராஜமணி ஊதவில்லை என்றால் பாளையங்கோட்டையில் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் காரணம் கேட்பார்களே.

"வைக்கேன். ஆனா ஒண்ணு, வே. ஆறு மாசத்துக்கு நீரு அந்தக் குழலைத் தொடக் கூடாது" என்றார் டாக்டர்.

ராஜமணி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் தலையாட்டினாள். செலவைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்தார்கள். சித்திரையில் இம்ப்ளாண்டை வைத்து, ஈறை மேலே மூடித் தையல் போட்டோம். வெளியில் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு பிளேட் பல் செய்து கொடுத்தோம். அந்தப் பிளேட் இம்ப்ளாண்டின் மேல் படாதபடி அடிப்பக்கத்தை டாக்டரே உட்கார்ந்து குடைந்தார்.

ஆவணி நெருங்கும்போது ராஜமணி மறுபடி வந்தார். இந்த முறை முகத்தில் பழைய களை இல்லை.

"ஐயா, வலியில்ல, வீக்கமில்ல. எல்லாம் ஒட்டிருக்கும்னு தோணுது. முகூர்த்தம் வரிசையா நிக்கி. இப்பமே பல்லை மாட்டி விட்டியன்னா நான் சமாளிச்சுக்கிடுவேன்."

"ஒட்டிருக்கும்னு ஒமக்குத் தோணுது. எலும்புக்குத் தோணணும்லா?"

"என் எடத்துல தூத்துக்குடியில இருந்து ஒரு ஆளைக் கூட்டியாந்துருக்காவ. நான் பின்னால நின்னு ஜால்ரா தட்டுதேன், ஐயா. என் சொந்த பேண்டுல."

எனக்குத் தாங்கவில்லை. "சார், எக்ஸ்ரேல நல்லாத்தான தெரியுது? கீழ்த்தாடைன்னா இந்நேரம் மாட்டிருப்போம்லா" என்று இடையில் விழுந்தேன். நோயாளி முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்பார்கள். பேசினேன், இப்போது இருந்தாலும் பேசுவேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "இது மேல்தாடை எம்மா. எலும்பு பொதுபொதுன்னு இருக்கும். இவரு சோத்தைக் கடிக்கப் போறதில்ல, பித்தளையை வச்சு அழுத்தப் போறாரு" என்றார். பிறகு ராஜமணியின் பக்கம் திரும்பி, "வீட்டுக்கு மச்சு போட்டிருக்கீரா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கேன்யா."

"காங்கிரீட்டு போட்டதும் முட்டுப் பலகையை எப்பம் பிரிக்கணும்னு யாரு சொன்னா? நீரா, கொத்தனாரா?"

"கொத்தனாருதான்."

"இங்கன நான்தான் கொத்தனாரு. ஐப்பசியில வாரும்."

ராஜமணி படியிறங்கிப் போனார். வழக்கம்போல் டாக்டர் பின்னாலேயே 'பைய' என்றார். எனக்கு அன்று அந்த வார்த்தையைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. இன்று கிடைக்கிற இம்ப்ளாண்டுகள் வேறு, அவற்றின் மேற்பரப்பு வேறு, அளவுபார்க்கிற கருவிகள் வேறு. இன்றைய பிள்ளைகள் அன்றைக்கே பல்லை மாட்டுவது சரியான ஆளுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எங்கள் கையில் இருந்ததைக் கொண்டு ஆவணியில் மாட்டியிருந்தால் ராஜமணி புரட்டாசியில் இம்ப்ளாண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருப்பார். இதை நான் ஒப்புக்கொள்ளப் பல வருடம் ஆயிற்று.

ஐப்பசியில் ஈறைத் திறந்து பார்த்தோம். டாக்டர் கண்ணாடிக் கைப்பிடியால் தட்டினார், தலையைச் சாய்த்தார். கணீர். எனக்கே கேட்டது. ராஜமணிக்குத் தன் மண்டைக்குள்ளேயே கேட்டிருக்கும், நாற்காலியின் கைகளைப் பிடித்திருந்த பிடியை விட்டார்.

அடுத்த சண்டை உறை எதில் என்பது. உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் வைத்துச் செய்கிற உறை மதுரையில் ஒரு லேபில் கிடைக்கும். உறுதி, பளபளப்பு, காலத்துக்கும் நிற்கும். நேரே அதையே மாட்டிவிடலாம் என்றேன் நான். டாக்டர் முதலில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில்தான் என்றார். மெத்தென்ற பொருள், அழுத்தம் எலும்பில் பைய இறங்கும், கொஞ்ச மாதம் பழகட்டும், பிறகு பீங்கான். இன்றைய பிள்ளைகள் இந்த நியாயத்தை அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. நானும் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி அவருடையது.

அக்ரிலிக் பல்லை டாக்டரே செய்வார். அதை வேகவைத்து இறுக்க வேண்டும். அதற்கு அவர் வீட்டம்மாவின் பழைய குக்கர் ஒன்று ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. அது விசில் அடித்தால் வெளியே காத்திருப்பவர்கள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று எழுந்திருப்பார்கள்.

"பழைய பல்லு எப்படி இருந்துச்சு, வே?" என்று டாக்டர் கேட்டார்.

"கொஞ்சம் கோணல்தான்யா" என்று ராஜமணி சொல்லி முடிப்பதற்குள், "அதையெல்லாம் பாக்காதிய டாக்டரம்மா, புதுசா வைக்கது நேரா அழகா இருக்கட்டும்" என்றாள் எஸ்தர். நியாயம்தானே? கோணல் பல்லைச் செய்து கொடு என்று யார் கேட்பார்கள்? டாக்டர் நேரான ஒரு பல்லைச் செய்தார். பக்கத்துப் பல்லின் நிறத்தை ஜன்னலோரம் வைத்து நான் பொருத்திக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்தபோது எஸ்தர் அழுதேவிட்டாள். கல்யாணத்தன்று கூட இவ்வளவு அழகாக இல்லை என்றாள். ராஜமணி கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"சத்தம் வரல, ஐயா."

கீழ்ச்சுரம் எப்படியோ வருகிறது, மேலே போனால் உடைகிறது என்றார். ஆறு மாதம் ஊதாத உதடு, பழக வேண்டாமா என்று டாக்டர் தேற்றி அனுப்பினார். மறுபடி வந்தார். மறுபடி பைய. மூன்றாம் முறை வந்தபோது நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் பவனிகள்தான் அவர்கள் செட்டுக்கு வருடத்தின் பெரிய வேலை.

"இதைக் கழத்திருங்கய்யா" என்றார். "தூத்துக்குடி ஆளையே நிரந்தரமா வச்சுக்கிடலாம்னு பேசுதாவ. ஜால்ரா தட்டுததுக்கு பல்லு எதுக்கு?"

டாக்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். இம்ப்ளாண்டைத் தட்டிப் பார்த்தார். கணீர் என்றுதான் வந்தது. எக்ஸ்ரே பார்த்தார். எல்லாம் சரி. வைத்தியம் ஜெயித்துவிட்டது, மனுஷன் தோற்றுவிட்டார். டாக்டர் அப்படி முழித்து நின்று நான் பார்த்ததே இல்லை. மனம் விட்டே சொல்கிறேன், அன்று எனக்கு ராஜமணியைவிட அவரைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது.

"நாளைக்குக் குழலைக் கொண்டாரும். இங்கன வச்சு ஊதும். நான் பாக்கேன்" என்றார் கடைசியில். "ஒம்ம உதடு அந்தக் கோணல் பல்லு மேலயே பழகிருக்குமோ என்னமோ. பழைய பல்லு தெரியுத மாதிரி ஒரு போட்டோ இருந்தா அதையும்."

மறுநாள் சனிக்கிழமை. ராஜமணி டிரம்பெட் பெட்டியோடு வந்தார். எஸ்தர் போட்டோக்களோடு வந்தாள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் மகள் ஜெபாவும் கூட வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு இருக்கும். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டாலும் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

போட்டோக்களைப் பார்த்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கல்யாணப் போட்டோ, ஞானஸ்நானப் போட்டோ, பேண்டு செட்டு யூனிபாரத்தில் நிற்கிற போட்டோ. எல்லாவற்றிலும் ராஜமணி வாயைக் கெட்டியாக மூடியிருந்தார். ராஜமணி மட்டுமா? அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குள் போனால் நாம் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போன மாதிரிதானே நின்றோம்? பல் தெரியச் சிரித்தால் போட்டோக்காரரே 'வாயை மூடுங்க' என்பார். ஒரு பேண்டு செட்டின் இருபது வருடப் போட்டோக்களில் ஒரு முன்பல் கூட இல்லை.

"சரி, ஊதும்" என்றார் டாக்டர்.

ராஜமணி நின்றபடி ஊதினார். முதல் சத்தம் சுமாராக வந்தது. மேலே ஏறினார். ஏறிய இடத்தில் அது எருமைக்கன்று கத்துவதுபோல ஒரு கத்துக் கத்தி நின்றது. யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெபா களுக்கென்று சிரித்துவிட்டாள். கை வாய்க்குப் போனது, ஆனால் கொஞ்சம் தாமதமாகப் போனது.

நான் பார்த்துவிட்டேன். மேல்வரிசை, முன்பல். ஒரு ஓரம் வெளியே வந்து பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி நின்றது.

"ராஜமணி, ஒங்க பழைய பல்லு இதுவா?" என்று கத்தினேன். பைய எல்லாம் எனக்கு வராது.

ராஜமணி மகளைப் பார்த்தார். எஸ்தர்தான் பதில் சொன்னாள். "ஆமா டாக்டரம்மா. அப்படியே இவுக பல்லுதான். நல்லதெல்லாம் விட்டுட்டு அதை மட்டும் உரிச்சு வச்சுட்டு வந்துருக்கு. பள்ளிக்கூடத்துல பிள்ளைய கேலி பண்ணுதுன்னு சிரிக்கவே மாட்டேங்கா."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் என்றும் மறக்க மாட்டேன். தன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் ஜெபாவின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். "எம்மா, ஒரு உதவி வேணும். ஒன் பல்லை அச்சு எடுத்துக்கிடட்டுமா? வலிக்காது. மாவு மாதிரி ஒண்ணு வைப்போம், அவ்வளவுதான்."

"இந்தப் பல்லையா?" என்றாள் கைக்குப் பின்னாலிருந்து.

"அதேதான் வேணும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். ராஜமணி டிரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஜெபா கையை இறக்கினாள்.

அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் சாந்து ஊற்றி, அந்தப் பல்லின் மாதிரியை மேசைமேல் வைத்தோம். டாக்டர் அதைப் பார்த்துப் பார்த்து அக்ரிலிக்கில் ஒரு கோணல் பல் செய்தார். குக்கர் விசில் அடித்தது. வெளியில் இரண்டு பேர் எழுந்து நின்றதாகக் கம்பவுண்டர் வந்து சொன்னார். மாட்டினோம். ராஜமணி ஊதினார். பரவாயில்லை, ஆனாலும் மேலே போனால் பிசிறு தட்டியது. சிறுமியின் பல்லுக்கும் பெரியவர் பல்லுக்கும் வித்தியாசம் இருக்குமே. "எங்கன இடிக்கு?" என்று டாக்டர் கேட்பார். ராஜமணி நாக்கால் தடவிப் பார்த்து, "இந்த மூலையில, ஐயா" என்பார். கழற்றி ஒரு இழை தேய்ப்பார். மாட்டுவார். ஊதச் சொல்வார். மறுபடி கழற்றுவார். பீங்கானாக இருந்திருந்தால் இந்த விளையாட்டு நடந்தே இருக்காது, பீங்கானைக் கூட்டிக் குறைத்து இப்படிக் கொஞ்ச முடியாது. அதை நான் அப்போதே உணர்ந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கம்பவுண்டர் மூன்றாவது காபி கொண்டுவந்தபோது ராஜமணி ஊதிய சத்தம் மேலே ஏறி, ஏறிய இடத்தில் அப்படியே நின்றது. உடையவில்லை. அவர் அதை விடவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே நின்றார். பிறகு அதிலிருந்து இறங்கி மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிற மெட்டு ஒன்றை முழுதாக வாசித்தார். ஜன்னலுக்குக் கீழே அல்வா வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெளியில் பல்வலியோடு காத்திருந்த ஒரு அண்ணாச்சி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரியில யாருக்குவே கல்யாணம்?" என்று கேட்டார்.

எஸ்தர் அழுதாள். இந்தத் தடவை அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராஜமணி டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பைய அதை விடுவித்துக்கொண்டார். கண்ணாடிக் கைப்பிடியை எடுத்துப் பல்லின் மேல் இரண்டு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் பாராட்டு அவ்வளவுதான்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் பவனியைப் பார்க்க நான் பாளையங்கோட்டைக்குப் போனேன். முன்வரிசையில் ராஜமணி. ஜால்ரா வேறு யாரோ கையில். தூத்துக்குடிக்காரரும் இரண்டாவது டிரம்பெட்டாகப் பக்கத்தில் நின்றார், அவரையும் விட்டுவிடவில்லை. நான் கையசைத்தேன். ஊதுகிறவர் சிரிக்க முடியாது, புருவத்தை மட்டும் தூக்கினார்.

பீங்கான் உறையைப் பொங்கல் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். "பல்லு இருக்குன்னு கரும்பை முன்பல்லுல வச்சு உரிச்சிராதீரும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பங்குனியில், ராஜமணி வாயிலிருந்த பல்லையே அச்சு எடுத்து மதுரை லேபுக்கு பஸ்ஸில் அனுப்பினோம். பார்சல் வந்தது. பிரித்தால் அழகான, பளபளவென்ற, நூல் பிடித்தாற்போல நேரான பல். நாங்கள் திகைத்து நிற்கும்போதே லேப்காரரின் போன்.

"சார், மாதிரியில பல்லு கோணலா இருந்துச்சு. நம்ம டாக்டராச்சேன்னு நானே பாத்து நேராக்கி அனுப்பிட்டேன். காசு எதுவும் கூடுதலா வேண்டாம்."

டாக்டர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்காமல் உள்ளே ஓடிவிட்டேன். நாங்கள் செய்த அதே நல்ல காரியத்தை அவரும் செய்திருந்தார். ஒரு மனிதனுக்குக் கோணல் பல் வேண்டும் என்று மதுரைக்குப் புரியவைக்க டாக்டருக்கு அரைமணி நேரம் பிடித்தது. "கோணலா வேணும், அண்ணாச்சி. ஆமா. நல்லாக் கேளுங்க. கோணலா" என்று அவர் பைய, பைய, விளக்கிக்கொண்டிருந்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாவது பார்சலில் சரியான பல் வந்தது. ராஜமணி வாயில் இன்று வரை இருப்பது அதுதான். இப்போது வயதாகிவிட்டது, சர்ச்சில் மட்டும் வாசிக்கிறார்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். சண்டைக்கு வந்தார்கள், நானும் அவர்கள் பக்கம் நின்று சண்டை போட்டேன். ஆறு மாதம் காத்திருந்தது எலும்புக்காக. அதற்குப் பிறகு காத்திருந்தது ராஜமணிக்காக. முதல் காத்திருப்பை நீங்கள் ஒழித்துவிட்டீர்கள், மிகவும் சந்தோஷம். கம்ப்யூட்டரும் பீங்கானைவிட உறுதியான ஸிர்கோனியாவும் வந்துவிட்டன, அதுவும் சந்தோஷம். ஆனால் பல்லை மாட்டிய பிறகு, கண்ணாடியைக் கொடுத்து முகத்தைப் பார்க்கச் சொல்வதற்கு முன்னால், அந்த ஆள் அந்தப் பல்லை வைத்து என்ன செய்வார் என்று கேட்டுச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மறு வருடம் கோடை விடுமுறையில் ஜெபா எஸ்தருடன் பல் சுத்தம் செய்ய வந்தாள். டாக்டர் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். கம்பி கட்டி அந்தப் பல்லை நேராக்கிவிடலாம், நம் ஆஸ்பத்திரி செலவில் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் அச்சு எடுக்கிற தட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். எஸ்தருக்கு முகம் மலர்ந்தது.

ஜெபா கையை வாய்க்குக் கொண்டுபோகாமல், பல் தெரியச் சிரித்தாள்.

"வேண்டாம் டாக்டரம்மா. அப்பா பல்லு மறுபடி ஒடஞ்சிட்டுன்னா, பாத்துச் செய்யதுக்கு ஒண்ணு வேணும்லா?"

நான் தட்டை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.